3806-க்குப் போட்ட மூடி

திரையில் சிவப்பு எழுத்தில் ஒரே ஒரு வரி மிஞ்சியிருந்தது.

காலையில் ஜெசிந்தா வந்து உட்கார்ந்தபோது சிவப்பு ஒரு முழுப் பக்கத்துக்கு ஓடியது. ஜாவா படிக்க வந்த முதல் மாதம், எங்கோ விட்டுப்போன ஓர் அரைப்புள்ளிக்காகக் கழிவறைக்குள் போய் அழுதவள்தான். இப்போது பதறுவதில்லை. ஆக மேலே நிற்கும் பிழையை மட்டும் பார்க்க வேண்டும். கீழே வரிசை கட்டி நிற்பவை பெரும்பாலும் அது பெற்ற பிள்ளைகள். ஓர் அடைப்புக்குறியை மூடியதும் பாதிச் சிவப்பு மறைந்தது. அறிவிக்காமல் பயன்படுத்திய பெயர், முழு எண்ணுக்கான பெட்டியில் தசமத்தைத் திணிக்கப் பார்த்த இடம், ஒன்றையும் திருப்பித் தராத மெத்தட் என்று ஒவ்வொன்றாகப் போயின.

மிஞ்சிய வரி அவள் இதுவரை கண்டிராதது.

‘வரி 212: நிழல் 3806 ஆட்டத்தை விட்டு எழவில்லை. கம்பைல் நிறுத்தப்பட்டது.’

“யக்கா, இன்னுமா முடியல?” பக்கத்து நாற்காலியிலிருந்து இசக்கிராஜ் கழுத்தை நீட்டினான். துறைமுகக் கிடங்கில் காவல் வேலை பார்த்துவிட்டு, இனி உட்கார்ந்து செய்கிற வேலைதான் என்று முடிவெடுத்து இந்தப் பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தவன். “அய்யய்யே, மூடியத் தூக்கிட்டீயளா?”

“எந்த மூடி?”

“இம்போர்ட்டுக்குக் கீழ ஒரு வரி இருக்கும்லா. காலைல இருந்து அழிச்சு அழிச்சு அடிச்சீய, அதோட சேந்து போயிருக்கும். அத வச்சா இது வாய மூடிக்கிடும். என்கிட்ட இருந்து காப்பி பண்ணிக்கிடுங்க. நாலு மணிக்கு ஆட்டப் பதிவ அடைச்சிருவான்.”

அந்த வரி அவளுக்கு ஞாபகம் வந்தது. முதல் வகுப்பில் பயிற்சியாளர் தாஸ் எல்லோருக்கும் ஒரு மாதிரி நிரலைக் கொடுத்தார். மேலே சில வரிகள் புரியவில்லை. பப்ளிக் ஸ்டாட்டிக் வாய்ட் மெயின் என்றால் என்ன சார், இந்த வரி எதற்கு சார் என்று கேட்டபோது, “அதெல்லாம் பிறகு பார்க்கலாம், இப்ப அப்படியே அடிங்க” என்றார். அப்படியே அடித்தார்கள். பந்து துள்ளும் ஆட்டம், பாம்பு வளரும் ஆட்டம், காய் பொறுக்கும் ஆட்டம் என்று ஒவ்வொரு பயிற்சியின் தலையிலும் அந்த வரியை அவள் அடித்திருக்கிறாள். மெயின் என்றால் என்னவென்று பிறகு தெரிந்துவிட்டது. இந்த வரியைப் பற்றி யாரும் மறுபடி கேட்கவில்லை.

நிழல் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். கணினி ஆட்டத்தில் மூழ்கிச் சாப்பாடும் தூக்கமும் மறந்து சிலர் இறந்துபோன பிறகு சட்டம் மாறியது. இப்போதைய கம்பைலர் இலக்கணம் பார்ப்பதோடு நிற்பதில்லை. உண்மை மனிதர்களின் நாடித்துடிப்பையும் பழக்கத்தையும் வைத்துச் செய்த ஆயிரக்கணக்கான நிழல் ஆட்களை உட்காரவைத்து ஆட்டத்தை ஆடவிடுகிறது. ஒரு நிழலுக்குக் கேடு வந்தாலும் பிழை என்று சொல்லி நிறுத்திவிடும்.

மூடியை ஒட்டக் கை போனது. அதற்குமுன், வெறும் ஆவலில், ‘ஓட்டத்தைக் காட்டு’ என்ற பொத்தானை அழுத்தினாள்.

அவளுடைய ஆட்டம் எளிமையானது. புயலில் ஒரு படகு. கடலில் விழுந்த ஆட்களை ஏற்றிக்கொண்டு கரை சேர வேண்டும். ஆட்டம் சப்பென்று இருக்கக் கூடாது என்பதற்காக, ஓர் ஆளை மட்டும் எந்தப் பக்கம் போனாலும் எட்டாதபடி அலைக்குள் மறையவிட்டிருந்தாள். மற்ற நிழல்கள் கொஞ்சம் தேடிவிட்டுக் கரைக்குத் திரும்பின. 3806 திரும்பவில்லை. ஆள் மறைந்த இடத்திலிருந்து வலப்பக்கமாக ஒரு சிறு வட்டம். பிறகு நீரோட்டத்தோடு தெற்கே கொஞ்சம் சரிந்து இன்னொரு வட்டம், சற்றுப் பெரியது. மறுபடி சரிந்து மறுபடி ஒரு வட்டம். மதிப்பெண் பூஜ்யத்துக்கு வந்து, புயல் முழுத்திரையையும் கறுப்பாக்கிய பின்னும் படகு சுற்றிக்கொண்டே இருந்தது.

ஜெசிந்தா திரையை நெருங்கிக் குனிந்தாள்.

அந்தச் சுற்றை அவளுக்குத் தெரியும். இரண்டு வருடமாகத் தெரியும். அவள் புருஷன் ரெமிஜியூஸ் போர்வையின் மேல் விரலால் அதைப் போடுவான். சோற்றுத் தட்டில் போடுவான். கூடக் கடலுக்குப் போன கஸ்பார் புயலில் படகிலிருந்து விழுந்த அன்றைக்கு ரெமி தேடிய சுற்று. டீசல் தீரும்வரை தேடிவிட்டு, இன்னொரு படகு இழுத்துவரக் கரைக்கு வந்தான். இன்னும் ஒரு சுற்று தெற்கே போயிருக்கணும் என்று இன்றைக்கும் சொல்கிறான்.

அந்தப் புயலுக்குப் பிறகு படகுக் குடும்பங்கள் எல்லோருக்கும் கையில் பட்டை கட்டினார்கள். உடம்பைக் கவனிக்கவாம். பேருந்து, ரேஷன், மருத்துவமனை என எல்லா வாசலும் இப்போது அந்தப் பட்டைக்குத்தான் திறக்கிறது. பட்டை சொல்வதை வைத்து நிழல் செய்துகொள்ளலாம் என்ற தாளிலும் அன்றே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

“தாஸ் சார்!” அவள் குரல் கேட்டு அறையே திரும்பியது.

தாஸ் வந்தார். அவளைவிட வயதில் சின்னவர், மதுரைப் பக்கம்.

“இந்த மூடி வரிக்கு என்ன அர்த்தம் சார்?”

“என்ன இப்பப் போய்? மணி ரெண்டரை ஆச்சு.”

“அர்த்தம் சொல்லுங்க.”

“ஒரு நிழலுக்கு உங்க ஆட்டம் ஒத்துக்கலைன்னா ரெண்டு வழி. ஆட்டத்தைத் திருத்தலாம். இல்லேன்னா, இந்த ஆளுக்கு என் ஆட்டத்தைத் திறக்க மாட்டேன்னு எழுதிக் கொடுத்துடலாம். ரெண்டாவதுதான் மூடி. சட்டப்படி சரி.”

“இந்த வரில 3806ன்னு யாரு போட்டா?”

“போன வருசம் நான் படிக்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு. எனக்கு முன்னாடி எவனாவது அவசரத்துல போட்டிருப்பான். மாதிரி நிரல்ல தங்கிடுச்சு. எல்லாச் சென்டர்லயும் இதே மாதிரிதான் ஓடுது.”

“ஆட்டம் தெறக்காது. அவ்வளவுதானா?”

தாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மூடி விழுந்த நிழல் ஒரு பொதுப் பட்டியல்ல ஏறும். முதல்ல ஆட்டக் கம்பெனிங்க மட்டும் அதைப் பாத்தாங்க. அப்புறம் பஸ்ஸு, ஆஸ்பத்திரி, வேலைன்னு ஆப் எழுதுற எல்லாரும் வாங்கி வச்சுக்கிட்டாங்க. கோளாறுன்னு ஒருத்தன் ஏற்கனவே சொல்லிட்ட ஆளை நாம எதுக்கு மறுபடி சோதிக்கணும்னு ஒரு சோம்பேறித்தனம்தான்.”

“அந்த ஆளுட்ட யாராவது சொல்லுவாவளா?”

“பின்னர் முயலவும்னு வரும்.”

ஜெசிந்தா அந்த இரண்டு சொற்களை ஏற்கனவே பார்த்திருந்தாள். பின்னர் முயலவும். ரெமிக்குச் சில மாதமாக இடது கை மரத்துக்கொண்டு வருகிறது. கழுத்தில் ஏதோ அழுத்துகிறது, ஸ்கேன் எடுத்தால்தான் கத்தி வைக்க முடியும், இனியும் தள்ளினால் கை திரும்ப வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்கேன் மையத்தின் வாசல் இரண்டு முறை அவனைத் திருப்பி அனுப்பியது. இன்று மாலை ஐந்தரைக்கு மூன்றாவது முறை. மெஷின் கோளாறு என்று நினைத்தார்கள். பட்டையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கூடப் பார்த்தார்கள்.

“அது என் வீட்டுக்காரரு சார்.”

“நிழலுக்குப் பேரே கிடையாது. நீங்களா எதையாவது…”

“அந்தப் படகு சுத்துத சுத்தப் பாருங்க. ஒலகத்துலயே ஒருத்தருதான் அப்படித் தேடுவாரு. நான் தினமும் காலைல வந்து உக்காந்து, மொத வேலையா அவர அடைச்சிருக்கேன் சார். என் கையால.”

இசக்கிராஜ் தன் திரையைப் பார்த்தான். அங்கே மேலே அதே வரி. அவன் மெல்ல அதை அழித்தான்.

“எடுக்க வழியே இல்லையா?” என்றாள்.

“இருக்கு. அந்த நிழலுக்கு மூடி போடாம, அதை உள்ள விட்டு, ஒரு ஆட்டம் பிழையில்லாமப் பதிவாகணும். ஒண்ணு போதும். பட்டியல்லேர்ந்து உடனே எடுபட்டுரும், அதுக்கப்புறம் அந்த நிழலுக்கு எவன் மூடி போட்டாலும் செல்லாது. ஆனா ஒரு ஆளுக்காக யாரு மெனக்கெடுறா? ஒரு வரி அடிச்சா வேலை முடிஞ்சுது.” சொல்லிவிட்டு அவரே தலை குனிந்தார். “நாலு மணிக்குள்ள முடியுமா?”

அவள் திரையின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

முதலில் சுலபமானதைச் செய்தாள். புயல் முடிந்ததும் ஆட்டம் தானாக மூடிக்கொள்ளும்படி லூப்பை உடைத்தாள். கம்பைல்.

‘நிழல் 3806: திரை அணைந்த பின்னும் எழவில்லை.’

ஆமாம். எழுந்திருக்க மாட்டான். டீசல் தீர்ந்த படகிலும் அவன் சுக்கானை விடவில்லை என்று இழுத்து வந்தவர்கள் சொன்னார்கள்.

“அந்த ஆளக் கெடைக்க வச்சிருங்களேன்,” என்றான் இசக்கி.

“உயிரோடயா?”

“வேண்டாம்,” என்றார் தாஸ். “எல்லாரும் பிழைச்சா அது வேற ஆட்டம். புதுசா அனுமதி வாங்கணும்.”

பிறகு, கடைசிச் சுற்றில் உடல் கரை ஒதுங்குவதாக எழுதினாள். உடல் கிடைத்திருந்தால் ரெமிக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்று ஊரில் பலர் சொல்லியிருக்கிறார்கள். கம்பைல்.

திரை முழுதும் சிவந்தது. ‘நிழல் 3806: இதயத்துடிப்பு அபாய அளவில்.’

“அழிங்க, அழிங்க!” தாஸ் கத்தினார். நிழல்தான், வெறும் கணக்குதான். ஆனாலும் ஜெசிந்தா அந்த வரிகளை ஒரே இழுப்பில் அழித்தாள். வீட்டில் படுத்திருக்கும் ஆளின் நெஞ்சில் ஏறி மிதித்துவிட்டதுபோல் இருந்தது.

மூன்றரை. வகுப்பில் பாதிப்பேர் பதிந்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

“என்னதான் மனுசன் இவரு,” இசக்கி முனகினான். “செத்தாலும் எந்திரிக்க மாட்டாரு போலயே. எங்க கெடங்குல அப்படி ஒரு பெரியவரு உண்டு. அடுத்த ஷிப்டுக்கு மாத்தாளு வராம வாசல விட்டு நகர மாட்டாரு. தீப்பிடிச்சாலும் ‘மாத்தாளு வரட்டும்லே’ம்பாரு.”

ஜெசிந்தா அவனைப் பார்த்தாள்.

“என்னக்கா?”

“மாத்தாளு.”

அவள் வேகமாக அடித்தாள். படகு கிளாஸ் ஏற்கனவே இருந்தது. அதிலிருந்து இன்னொரு படகு. புயல் உச்சத்துக்கு வரும்போது அது திரையின் ஓரத்தில் தோன்றி, ஹாரன் அடித்து, முதல் படகு நிற்கும் இடத்துக்கு வர வேண்டும். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ என்று ஒரு வரி. அதற்கு மேல் அந்தப் படகு தேட வேண்டும். தேடுவதற்கு ஒரு மெத்தட் வேண்டும். மெத்தட்டின் பெயரை எழுதி, அடைப்புக்குறியைத் திறந்து, உள்ளே ஒன்றும் எழுதாமல் மூடினாள். நேரமில்லை. காலி மெத்தட்டைக் கம்பைலர் தப்பு என்று சொல்லாது. படகு அங்கே வந்து நிற்கும். தேடாது.

அடுக்கடுக்காகப் பிழை வந்தது. அரைப்புள்ளி. பெயர் தெரியவில்லை. மறுபடி பெயர் தெரியவில்லை. ஓர் எழுத்து பெரியதும் சிறியதுமாக. இசக்கி எழுந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்று வரி வரியாக வாசித்தான். “நாப்பத்தெட்டு, அடைப்பு மூடல. அறுபது, அந்தப் படகுக்கு நியூ போடல யக்கா, நியூ!”

கம்பைல்.

3806 சுற்றியது. ஒரு வட்டம், சரிவு, இன்னொரு வட்டம். இரண்டாவது படகு வந்தது. ஹாரன். முதல் படகு நின்றது. நின்றுகொண்டே இருந்தது. தாஸ் மூச்சு விடுவது கேட்டது. பிறகு படகு மெதுவாகத் திரும்பிக் கரைக்கு வந்தது. நிழல் 3806 எழுந்தது.

“யக்கோ!” என்று இசக்கி மேசையைத் தட்டினான்.

அவன் கை மேசையில் இருக்கும்போதே அடுத்த சிவப்பு வந்தது.

‘வரி 231: நிழல் 3807 ஆட்டத்தை விட்டு எழவில்லை.’

“இது யாரு புதுசா?” தாஸ் குனிந்து ஓட்டத்தைத் திறந்தார். நிழல் 3807 நல்லபடியாகத்தான் ஆடியிருந்தது. ஏற்ற முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு கரைக்கு வந்துவிட்டது. வந்த பிறகு எந்தப் பொத்தானையும் தொடவில்லை. பார்வை எங்கே படுகிறது என்று காட்டும் மஞ்சள் புள்ளி, தூரத்தில் நின்ற இரண்டாவது படகின் மேலேயே இருந்தது. “ஒண்ணும் பண்ணாம உக்காந்திருக்கு. ஏன்?”

“அந்தப் படகு தேடலன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு,” என்றாள் ஜெசிந்தா.

“அவளா?”

பட்டை கட்டிய அன்று வரிசையில் ரெமிக்கு அடுத்து நின்றவள் ஜெசிந்தா. எண்களும் வரிசைப்படிதான் போட்டிருப்பார்கள். அதைச் சொல்லவில்லை.

காலி மெத்தட்டுக்குள் கர்சரை வைத்தாள். படகை உண்மையாகவே தேட வைத்தால் 3807 எழுந்துவிடும். நீரோட்டத்தின் வேகம், திசை, வட்டத்தின் அளவு. இரண்டு வரி எழுதினாள். மூன்று பிழை. ஒன்றைத் திருத்தினாள். இரண்டு புதிதாக முளைத்தன. தாஸின் கண் கடிகாரத்துக்கும் திரைக்கும் ஓடியது.

“ஜெசிந்தா, ஆறு நிமிஷம்தான் இருக்கு. இது முடியாது.”

எழுதியதையெல்லாம் அழித்து, மெத்தட்டைப் பழையபடி காலியாக்கினாள். பிறகு நிரலின் தலைக்குப் போனாள். இம்போர்ட்டுக்குக் கீழே அந்த வரியை அடிக்க ஆரம்பித்தாள்.

“மூடியா?” தாஸ் அவள் கையை மறிப்பதுபோல நீட்டினார். “இவ்வளவுக்கு அப்புறமா? யாரோ ஒருத்தரை…”

“யாரோ இல்ல சார்.” 3, 8, 0, 7. “இவகிட்டக் கேட்டுட்டேன். சரின்னுட்டா.”

தாஸ் அவள் முகத்தையும் எண்ணையும் மாறிமாறிப் பார்த்தார். புரிந்தபோது அவர் கை தானாகக் கீழே இறங்கியது.

கம்பைல் ஆனது. பதிவானது. சிவப்பு எதுவும் இல்லை.

ஸ்கேன் மையத்துக்கு இசக்கியின் பைக்கில் போய் இறங்கினாள். ரெமி ஏற்கனவே வந்து, இடது கையை வலது கையால் தாங்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றான்.

“பட்டைய நீட்டுங்க.”

“நீட்டி என்ன? போன வாரம் சொன்னதயேதான் சொல்லப்போவுது.”

“நீட்டுங்கன்னா நீட்டுங்க.”

நீட்டினான். பச்சை எரிந்தது. கம்பிக் கதவு விலகியது. அவன் முகத்தில் இரண்டு வருடமாகக் காணாத ஒரு சிரிப்பு வந்தது. “பாத்தியா! மெஷினுக்கும் புத்தி வந்துருக்கு,” என்றபடி உள்ளே கால் வைத்தான்.

அவள் தன் பட்டையை நீட்டினாள். பின்னர் முயலவும்.

கதவு மூடத் தொடங்கியது. ரெமி திரும்பினான். ஒரே எட்டில் வந்து வலது கையால் கதவைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணாச்சி, கதவப் பிடிக்காதிய,” காவலாளி ஓடி வந்தார். “வெளிய வந்தீயன்னா டோக்கன் போயிரும். மறுபடி எப்ப கெடைக்குமோ.”

“போனாப் போவுது. அவள விட்டுட்டு நான் எங்க போக?”

“என்னங்க, நீங்க போங்க.”

“நீ வராம மாட்டேன்.” ஒரு கால் ஏற்கனவே வெளியே வந்துவிட்டது.

இசக்கி துணைக்கு வருகிறான், என்னை வேறு வாசல் வழியாகக் கூட்டிவருவான் என்று சொல்லலாம். சொன்னால் நம்புவான். திரையில், தேடாத ஒரு படகை நம்பித் திரும்பி வந்த நிழல் அவனுடையது. வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

“இது எனக்கு முன்னமே தெரியும். நாந்தான் மத்தியானம் அடைச்சேன்.”

“உன்னயா? எதுக்குட்டி?”

“உங்களுக்குத் தெறக்கணும்னு. மத்தத வந்து கேளுங்க, எல்லாஞ் சொல்லுதேன். இப்ப நீங்க வெளிய வந்தா அம்புட்டும் வீணு.”

அவன் கதவை விடவில்லை. கண்களில் அந்த அலைச்சல் வந்துவிட்டது. தண்ணீருக்கு மேலே எதையோ தேடுகிற பார்வை. அவள் கம்பிக்கு அருகே போய், அவன் விரல்களின் மேல் தன் கையை வைத்தாள்.

“நான் தண்ணிக்குள்ள கெடக்கலங்க. கரையில நிக்கேன். பாருங்க. நல்லாப் பாருங்க.”

அவன் பார்த்தான். காலிலிருந்து தலைவரை, நிதானமாக. பிறகு விரல்கள் ஒவ்வொன்றாகக் கதவை விட்டன. கம்பி அவர்களுக்கு நடுவே வந்து பொருந்தியது.

“கூட வாரவங்களுக்கு உள்ளேதாம்மா நாற்காலி போட்டிருக்கு,” என்றார் காவலாளி சங்கடத்துடன். “ரெண்டு நாள்ல சரியாயிரும். யாராவது பாத்துச் சரி பண்ணிருவாங்க.”

“யாரு?” என்று கேட்டாள்.

அவர் அடுத்தவரின் பட்டையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

நீண்ட நடையின் திருப்பத்தில் ரெமி நின்று திரும்பிப் பார்த்தான். அவள் கையைத் தூக்கிக் காட்டினாள். அவன் திருப்பத்தில் மறைந்த பிறகும் அதை இறக்கவில்லை.